ஊசி ஆலை நாட்டின் கொடி

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. பத்தொன்பது நாட்கள் மட்டும் உயிரோடிருந்த ஒரு நாட்டின் கதை சொல்லப்போகிறேன். அந்தக் கதவையும் சாத்திவிட்டு வாருங்கள்.

தகப்பனின் பெட்டிமேல் விரித்திருந்த சிவப்புத் துணியின் சுருக்கங்களை அஜிதா நீவிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிடம் என்று தகனசாலை ஊழியர் சொல்லிவிட்டுப் போனார்.

துணி என்றாலும் அது கொடி. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், ஜெர்மனியில் ஆஹென் நகரத்துப் பக்கம் மூடிக்கிடந்த ஊசி ஆலைக்குள் ஏழு ஜெர்மன்காரரும், அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஐந்து தமிழரும் புகுந்தார்கள். இது தனிநாடு, இங்கே எல்லாம் எல்லாருக்கும் என்று அறிவித்தார்கள். அலுவலகத் திரைச்சீலை கொடியானது. மந்திரிக்கும் மற்றவருக்கும் ஒரே அகப்பை சூப். இருபதாம் நாள் பொலிஸ் வந்தபோது அஜிதாவின் தகப்பன் சிற்றம்பலம் கொடியை வயிற்றில் சுற்றிக்கொண்டு வெளியேறினார்.

"கண்டவனிட்டையும் விசா கேட்டுக் களைச்சு, கடைசியில நாங்களே குடுத்தம்" என்று சாகும்வரை சிரிப்பார்.

அவர்கள் மிச்சம் வைத்தது ஒரு சட்டம். செத்த பிரஜையின் பெட்டிமேல் கொடி கிடக்கும். நெருப்புக்கு முன், மிஞ்சியவர்களில் மூத்தவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். ஆனால் அப்படி எடுத்துப்போன கடைசி ஐந்து பேரும் ஒரு வருடம் தாண்டவில்லை. சிற்றம்பலம் எடுத்து வந்தது போன மாசியில். இது ஐப்பசி.

இனி மிஞ்சியவர் இருவர்: ஜெர்மன்காரர் டீட்டர், அஜிதாவின் தாய் லலிதா.

"டீட்டர் ஃபோன் எடுக்கிறாரில்லை, அம்மா."

"எண்பத்துமூண்டு வயசு மனுசன். பஸ் பிந்தியிருக்கும்."

"வராட்டி?"

"வராட்டி நான்தான்."

"வேண்டாம். அப்பாவோடயே எரியட்டும்."

"கொப்பர் என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"அப்ப நான் எடுக்கிறன். பதினோராம் நாள் ஆலைக்குள்ளதானே பிறந்தனான்? நானும் பிரஜைதான்."

"விசர்க்கதை கதையாதை. நீ ஆஸ்பத்திரியில பிறந்தனி. கொப்பர் புளுகினவர்."

பொய் சொல்லும்போது லலிதா சேலைத்தலைப்பை முறுக்குவாள். இப்போதும் முறுக்கினாள்.

ஊழியர் திரும்பி வந்து சுவரிலிருந்த பொத்தானைக் காட்டினார். இங்கே கொள்ளி அதுதான். வாசலில் டீட்டர் இல்லை.

லலிதா கை நீட்டினாள். அதற்குள் அஜிதா எதிர்ப்பக்க முனைகளைப் பிடித்துவிட்டாள். சேலை மடிப்பதுபோல் இருவரும் மடித்து மடித்து நெருங்கி வந்தார்கள். விரல்கள் முட்டின. ஒருவரும் விடவில்லை. பிடித்த பிடியோடு அஜிதா மறுகையால் பொத்தானை அழுத்தினாள்.

பஸ்ஸிலும் கொடி இருவர் மடியிலும் பாதி பாதியாகக் கிடந்தது.

லலிதாவின் ஃபோன் அடித்தது. திரையில் டீட்டரின் பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அந்தப் பக்கம் வேறு யாருடைய குரலாவது கேட்டுவிடுமோ என்று இருவரும் அதை எடுக்கவில்லை.

லலிதா துணியை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். அஜிதாவும் இழுத்தாள்.

உங்கள் வீட்டுக்கு வருகிற அழைப்பெல்லாம் கூப்பிட்டவரின் குரலோடேயே வரட்டும், செல்லங்களே. உங்கள் பானைச் சோறு எல்லாருக்கும் ஒரே அளவாய்க் காணட்டும்.