மழை கழித்த ஒலி

...இது மழையில்லை, மூன்றாவது தரம் கேட்கும்போதும் இது மழையில்லை, தகரத்தில் விழுகிற மழை ஒரே வாக்கில் கொட்டும், மூச்சு வாங்காது, இது மூச்சு வாங்குகிறது, ஒரு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு, நிறுத்தம், யாரோ தரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கல்லைக் கல்லால் தட்டிப் பார்ப்பதுபோல... பதறாதே துஷாந்தினி, முதலிலிருந்து போடு. நாளைக்குக் கொழும்பிலிருந்து கொம்பனிப் பெரியவர்கள் வருகிறார்கள், நான் செய்த பெட்டியைப் பார்க்க, என் பெயரைச் சொல்லி என் கையைக் குலுக்க. அவர்களுக்குப் போட்டுக்காட்ட ஒரு நல்ல அழைப்பு வேண்டும், மழைச் சத்தம் தாங்க முடியாத அழைப்பாகப் பார்த்து எடு, பெட்டிக்கு முன்னால் எப்படி, பெட்டிக்குப் பின்னால் எப்படி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டு என்றார் மெனேஜர். அதற்காகத்தான் இன்றைக்குக் காலையில் வந்த அழைப்புகளில் மழை மிக மோசமாக இருப்பதைத் தேடினேன். பதினொன்று பத்துக்கு வந்தது, அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டம், மேல்பிரிவு. வேறொன்றைத் தேர்ந்திருந்தால் இப்போது நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தொலைபேசிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவில் உட்காருகிற ஒரு சின்ன அம்பிளிபயர், உள்ளங்கையில் அடங்கும். கொம்பனியின் ஏழு தோட்டத்துக்கும் பதுளையில் இந்த ஒரே மாடியறைதான், எட்டுப் பெண்கள், சம்பளம், மருந்து, கூரை ஒழுகல், மழை வந்தால் மண்சரிவுப் பயம், எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். நான் வந்தபோது இருந்த ஹெட்செட்களைப் பார்க்க வேண்டுமே, பஞ்சு பிய்ந்து, காது வியர்த்து, எட்டுப் பேருக்கும் சாயந்தரமானால் தலைவலி. ஜிப்னாவுக்கு முக்காட்டுக்கு மேல் பட்டி அழுத்துகிறது என்றாள், பட்டியைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஒரு பிள்ளை போனுக்குள் விசில் ஊத, காமிலா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள், எந்தச் சத்தமும் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி பூட்டுப் போட்டேன். மிஞ்சியது தகரம். தோட்டத்து வரிசை வீடுகள்தானே லயம், அங்கிருந்து யார் பேசினாலும் கூரைத் தகரமும் சேர்ந்து பேசும். நான் பிறந்ததே அந்தத் தகரத்துக்குக் கீழேதான், ஓ.எல். பரீட்சைக்குப் படித்த மாரிகாலத்தில் அம்மாவின் வாய் அசைவதைப் பார்த்துத்தான் சோறு தின்னக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்துகொள்வேன், அந்தச் சத்தத்தை அப்படி வெறுத்தேன், அதை ஒழி என்று சம்பளமும் தந்து சொன்னால்? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். இருபது மழையைப் பதிவுசெய்து பெட்டிக்குப் பழக்கினேன், தட்டுவது, சொட்டுவது, பொரிவது எல்லாம் குப்பை, மனிதக் குரல் மட்டும் உள்ளே வா. முதல் நாள் மாட்டியதும் ஜிப்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழ விட்ட மாதிரி இருக்கு துஷாக்கா" என்றாள். அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுபடி போடுகிறேன், முதலில் பெட்டிக்குப் பின்னால், ஜிப்னா கேட்டது. "மிஸ், நான் மேப்பிரிவு லயத்துலருந்து இராக்கம்மா பேசுறேங்க. வீட்டுக்கு அடியில என்னமோ சத்தங் கேக்குதுங்க." என்ன மாதிரிச் சத்தம் அம்மா, இது ஜிப்னா. "எனக்குச் சொல்லத் தெரியலீங்க, போனைத் தரையில வைக்கிறேன், நீங்களே கேட்டுப் பாருங்க." இருபத்திரண்டு செக்கன். சுத்தம், அப்படியொரு சுத்தம், நாளைக்குக் கேட்டால் கொழும்புக்காரர்கள் கைதட்டுவார்கள். பிறகு ஜிப்னா, பொறுமையான பிள்ளை, அவசரப்படவேயில்லை. "ஒன்னும் கேக்கல்லையே அம்மா." கேக்கலீங்களா, இது இராக்கம்மா. "இல்லம்மா, நல்லாக் காது குடுத்துத்தான் கேட்டேன்." அதற்கு அந்த அம்மா, "அப்ப சரிங்க மிஸ், ரொம்ப உபகாரமுங்க" என்று வைத்துவிட்டார். படிவத்தில் சத்தம் என்ற கட்டத்தில் ஜிப்னா 'இல்லை' என்று போட்டிருக்கிறாள். அவள் மேல் என்ன பிழை, அவள் காதுக்கு நான் எதை விட்டேனோ அதைத்தான் அவள் கேட்டாள். இப்போது பெட்டிக்கு முன்னால், அதே இருபத்திரண்டு செக்கன், மழை, மழைக்குள்ளே ஒரு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு... அந்த 'அப்ப சரிங்க' எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில், கிளார்க்கர் மேசையில், என் அம்மா வாழ்நாள் முழுக்கச் சொன்னது அதுதான். தன் காதில் விழுந்ததைவிட ஆபீஸ் காதில் விழாததுதான் நிசம்.

ஒன்றுமிருக்காது. மீரியபெத்தவில் மலை சரிந்து லயத்தையே மூடியதற்குப் பிறகு யாருக்குத்தான் சத்தம் கேட்கவில்லை, பூனை பாத்திரத்தை உருட்டினாலும் மலை இறங்குகிறது என்று எழுந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வீட்டில் எலியாக இருக்கலாம், வடிகால் கானில் உருளுகிற கல்லாக இருக்கலாம். அழைப்பை அழித்துவிட்டு வேறொன்றைத் தேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இந்த யோசனை எனக்குள் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் போய்விட்டது, சேதி ஏதாவது வந்திருக்குமே, வரவில்லை என்றால் நல்லதுதானே... தோட்டத்து ஆபீசுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டேயிருந்தது, எடுக்க ஆளில்லை. இராக்கம்மாவின் நம்பர் படிவத்தில் இருந்தது. என் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ரிசீவரைக் காதில் வைத்தேன், மழை அப்படியே மண்டைக்குள் கொட்டியது.

"ஆபீஸ்லருந்தா? வணக்கமுங்க மிஸ்." குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. இப்போ சத்தம் எப்படி அம்மா? "அது அப்பவே நின்னுருச்சிங்க. அந்த மிஸ்ஸு சொன்னது சரிதான். பயந்துக்கிட்டு கோயில்ல போயி உக்காந்திருந்தவங்களக்கூட நான்தான் போயிக் கூப்புட்டு வந்தேன், ஆபீஸ்லயே கேட்டுப் பாத்துட்டாங்க, ஒன்னும் இல்லயாம், பச்சப் புள்ளைங்கள நனைய வைக்காதீங்கன்னு. ஏழு வீட்டு ஆளுங்களும் வந்துட்டாங்க." மழை விட்டுவிட்டதா என்று எதற்குக் கேட்டேனோ தெரியாது, அது காதிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. "எங்கங்க, ஊத்துது. இந்த மழையில பாருங்க, பீலியில மட்டும் தண்ணி நின்னுருச்சி, குடிக்கத் தண்ணியில்ல, அதையும் ஒருக்கா எழுதிக்கிடுங்க மிஸ்." பீலி, மலை ஊற்றுக்கு வைத்த குழாய், லயமே அதில்தான் குடிக்கும், குளிக்கும், வெயில் காலத்தில்கூட நூலாக ஒழுகும். கொட்டுகிற மழையில் பீலி நிற்குமா? அந்தத் தண்ணீரெல்லாம் மலைக்குள் எங்கே போய் நிற்கிறது?

வெளியே போங்கம்மா, இப்பவே, எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்கே போங்க, அந்தச் சத்தம் உண்மையான சத்தந்தான், இங்கேதான் பிழை, நாங்கதான் சரியாகக் கேட்கவில்லை... கத்தினேனா கெஞ்சினேனா தெரியவில்லை. "மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவ போ, ஒரு தடவ வான்னா ஆளுங்க என்னை ஏசுவாங்க. காலையில சொன்ன மிஸ்ஸையே பேசச் சொல்லுங்க. நான் எல்லாரையும் நம்ம வீட்டுக்கே கூட்டியாறேன், அவங்க வாயால சொல்லட்டும், எல்லாரும் கேக்கட்டும்." வேண்டாம், வீட்டுக்குள் கூப்பிடாதீங்க அம்மா, அம்மா... போனை எதன் மேலோ வைத்துவிட்டார், "ஏ ஜீவராணி, எல்லாத்தையும் வரச்சொல்லு, ஆபீஸ்ல பேசுறாங்க" என்ற குரல் தூரமாகிக்கொண்டே போனது.

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். என் உள்ளறைக் கதவைத் திறந்து, வெளியே மேசையில் இருந்த ஜிப்னாவைத் தோளில் தட்டி, உள்ளே போ, லைன் திறந்திருக்கு, நான் கேட்டது பிழை, எல்லாரும் வெளியே ஓடுங்க என்று சொல், கத்திச் சொல் என்றேன். "நான் கேட்டது பிழையா? ஒன்னுமே கேக்கல்லையே துஷாக்கா" என்று கண் நிறைய அவள் எழுந்து ஓடினாள். உள்ளறையில் அவள், "அம்மா, லைன்ல இருக்கீங்களா, அம்மா" என்று கூப்பிடுவது கேட்டது, ஒரு தரம், இன்னொரு தரம், அதற்குப் பதில் வந்ததா என்று கேட்க நான் திரும்பினேன், திரும்பியவள் அப்படியே நின்றேன். ஏழு பெண்கள், ஏழு பெட்டிகள், யாரும் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையில்லாதபடி நான்தான் செய்துவைத்திருக்கிறேன். மூன்றாம் மேசையில் காமிலா பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுக் கவனத்தோடு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கண்ணைத் திறந்து, அந்தப் பக்கம் இருக்கிறவரின் பயத்தைத் தீர்க்கிற மெல்லிய குரலில், "இல்லையே ஐயா, அப்படி ஒன்னும் இல்ல, நீங்க நிம்மதியா இருங்க" என்றாள். எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிகளை மாட்டி இன்றோடு நாற்பத்தொரு நாள், அதில் மழை பெய்யாத நாள் எது என்று யோசிக்கிறேன், ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.