அந்த ஒன்பது மாதம்

மகள் வீடு திரும்பிய முதல் வாரத்தில்தான் அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதை லிஃப்ட் மெக்கானிக் கண்டுபிடித்தான். கட்டிலுக்கு அடியில் சாக்ஸைத் தேடிக்கொண்டே, உதட்டைக் குவித்து, அவன் கேட்டே இராத ஒரு மெட்டை முழுசாக அடித்து முடித்தாள். அவனுக்கு விசில் வராது. செத்துப்போன மனைவிக்கும் வந்ததில்லை.

"யாரு கத்துக்குடுத்தா?"

"அங்க," என்றாள்.

அங்கே என்றால், அரசாங்கம் அவளைக் கொண்டுபோய் வைத்திருந்த வீடு. போன வருடம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட, அரை மணியில் வந்துவிடலாம் என்று தூங்கும் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். வேலை சாயங்காலம் வரை இழுத்துவிட்டது. விழித்துப் பார்த்தவள் அப்பாவைத் தேடி மூன்றாம் மாடி ஜன்னல் விளிம்பில் ஏறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு அதிகாரிகளுக்குப் போன் செய்தார்கள். அவன் வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது, வீட்டில் குழந்தை இல்லை.

இது முதல் தடவையும் அல்ல என்று அக்கம்பக்கத்தார் சொன்னது பொய்யில்லை. "அரை மணிதான்னு நெனச்சுப் போனேங்க," என்றான் நீதிமன்றத்தில். "குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார் நீதிபதி. பயிற்சி கொடுத்து அரசாங்கம் வைத்திருந்த ஒரு குடும்பத்திடம் குழந்தை போனாள். அவர்கள் பேரோ ஊரோ அவனுக்குச் சொல்லப்படவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, பொம்மைகள் கிடந்த ஒரு அலுவலக அறையில், அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க அவளைப் பார்த்தான். அப்படியே ஒன்பது மாதம் ஓடியது.

அவன் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவனை எழுப்புவதற்குக் காதருகே வந்து 'ங்ங்ங்' என்று ரீங்காரமிடுவாள், அதனால் வந்த பெயர். இப்போது திரும்பி வந்த கொசு வேறு கொசுவாக இருந்தாள். முன்பெல்லாம் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்கும் ரொட்டி விளிம்பை முதலில் தின்றாள். கழலாத ஒரு திருகாணியை அவன் திட்டியபோது, "மூச்ச விட்டுட்டு அப்புறம் பேசுப்பா," என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. தன் சட்டையில் வேறு யாரோ பொத்தான் தைத்து அனுப்பியது போல இருந்தது. பொறாமை சில நாள் இருந்தது. பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. யார் இவர்கள்? இவளை எப்படித் தூங்க வைத்தார்கள்? அழுதால் என்ன சொன்னார்கள்?

கொசுவைக் கேட்டால், "சும்மா இருந்தோம்," என்பாள். ஆறு வயதுக்காரியிடம் அதற்கு மேல் கறக்க முடியாது.

கண்காணிப்புக் காலம் இன்னும் முடியவில்லை. குழந்தைகள் நல அதிகாரி மாதம் இருமுறை வருவார். உயரமான பெண்மணி, கையில் எப்போதும் குடை. ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்ப்பார், ஃப்ரிட்ஜைத் திறப்பார், தண்ணீர் தவிர எதுவும் குடிக்கமாட்டார். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்பதுபோல அவன் முதல் நாளே வீட்டைக் கழுவித் துடைத்து வைப்பான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து போன். குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. பக்கத்தில் இருக்கும் ஒரே மெக்கானிக் அவன்தான். வழக்கமாகக் கொசுவைப் பார்த்துக்கொள்ளும் மாடி வீட்டம்மாவின் கதவில் பூட்டுத் தொங்கியது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன், அதிகாரியைப் போனில் அழைத்தான்.

"பாத்துக்க பக்கத்துல வேற யாரும் இல்லையா?" என்றார் அவர்.

"இல்லைங்க மேடம். பூட்டிட்டுப் போனா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டிட்டுப் போனா அங்க லிஃப்ட் குழி ஆன்னு திறந்து கெடக்கும். போகாம இருந்தா உள்ள ஒரு பிள்ளைத்தாச்சி மூச்சு முட்டி நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

"இதெல்லாம் என் வேலையில வராதுங்களே..."

"அன்னிக்குத் தூக்கிட்டுப் போக ஆள் வந்துச்சுல்ல மேடம். இன்னிக்குப் பாத்துக்க ஆள் வராதா?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டான். இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"இருங்க. வரேன்."

ஈரத்தலையோடு, வீட்டில் போடும் செருப்போடு, குடையில்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கர்ப்பிணியைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு அவன் திரும்பியபோது, இருவரும் தரையில் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். காற்றுதான் வந்தது.

"நாக்க மடக்கணும்," என்று கொசு கண்டித்தாள். "எத்தன தடவ சொல்றது?"

அவனைப் பார்த்ததும் அதிகாரி வெட்கத்தோடு எழுந்தார். "நீங்க கேட்டத வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். பூட்டை உடைக்க எங்ககிட்ட ஆள் இருக்கு. பூட்டாம இருக்க உதவி பண்ணத்தான் ஆள் இல்ல. நான் இன்னிக்கு வந்ததுக்கே மேல பதில் சொல்லணும்."

"மேடம், இன்னொண்ணு கேக்கணும். அந்த வீட்டுக்காரங்கள நான் பாக்கணும்."

அவர் முகம் மாறியது. "சண்டைக்கா?"

"ஐயோ, இல்ல. எம்பொண்ணு ஒன்பது மாசம் ஒரு இடத்துல வாழ்ந்திருக்கா. அதுல ஒருநாள் கூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

விதி இடம் தருமா என்று அவர் கேட்டுப் பார்த்தார். அந்தக் குடும்பம் சம்மதித்தால் அலுவலகத்தில் வைத்துப் பேசலாம் என்று பதில் வந்தது. அவர்கள் சம்மதித்தார்கள்.

வந்தவள் பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரம்மா. கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது, கழற்ற மறந்திருந்தாள். திட்டு வாங்கத் தயாராக வந்தவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அதிகாரி ஓரமாக இருந்தார்.

"எம்பொண்ணு ரொட்டி விளிம்பத் திங்கிறாளே, எப்படிங்க?" என்று அவன் தொடங்கினான்.

தையற்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்க வீட்டுக்காரர் பண்ண வேலை. பஸ் ஓட்டுறார், வாயத் திறந்தா விசில்தான். விளிம்பத் தின்னாத்தான் விசில் வரும்னு ஒரு புளுகு விட்டார். வந்தும் தொலைச்சுது!"

"மூச்ச விட்டுட்டுப் பேசுங்கறது?"

"அது நான் அவருக்குச் சொல்றது. இவ பிடிச்சுக்கிட்டா." பயம் தெளிந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நானும் ஒண்ணு கேக்கட்டுமா? மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு. காலையில எங்காதுகிட்ட வந்து 'ங்ங்'னு ஒரு சத்தம் போடுவா. நான் எழுந்து என்னம்மான்னு கேட்டா, மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுப் போயிடுவா. அது என்னதுங்க?"

அவன் கொசு கதையைச் சொன்னான்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! காதுல ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்டல்ல கூட்டிட்டுப் போனோம்! 'ஐயோ கொசு'ன்னு நான் அலறியிருக்கணுமா!"

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"கடைக்குக் கூட்டிட்டுப் போனா, லிஃப்ட் கதவு இடுக்குல வாய வச்சு, 'அப்பா, வேல முடிஞ்சுதா?'ன்னு கத்துவா. எந்தக் கட்டடம்னாலும் சரி, விடமாட்டா. நாங்க தடுக்கல. ஒருநாள் உள்ள இருந்த யாரோ ஒரு புண்ணியவான், 'இன்னும் இல்லம்மா'ன்னு சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி அழாமத் தூங்கினா."

அந்தப் புண்ணியவான் எந்த மாடியில் இருந்திருப்பார், என்ன நினைத்து அப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கள என்னன்னு கூப்பிட்டா?" என்றான்.

"அத்தைன்னு. அம்மான்னு பழக்கக் கூடாதுன்னு பயிற்சியிலயே சொல்லிட்டாங்க."

"அப்போ நீங்க எனக்கு அக்கா முறை."

"தங்கச்சி," என்று அவள் உடனே திருத்தினாள்.

"முறையெல்லாம் ஃபைல் மூடினப்புறம் பேசிக்கங்க," என்றார் அதிகாரி. ஆனால் அவரும் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்ததற்காக அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதிய கையோடு, நீதிபதிக்கும் ஒரு கோரிக்கை எழுதினார்: தகப்பனுக்கு அவசர வேலை வரும் நாட்களில் குழந்தை அதே குடும்பத்திடம் இருக்க அனுமதி வேண்டும் என்று. இப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்று நீதிபதி இரண்டு வாய்தா யோசித்தார். கடைசியில் சரி என்றார். வேறு குடும்பங்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த அழைப்பு வருவதற்கு முன்பே, ஒரு ஓய்வு நாளில், அவன் கொசுவோடு அந்த வீட்டைப் பார்க்கப் போனான். பஸ் டிரைவர் பனியனோடு வந்து கதவைத் திறந்தார். அவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கொசு அவன் விரலைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வீட்டுக்காரி மாதிரி நடந்தாள். இது என் கட்டில். இது தையல் மெஷின், தொடக் கூடாது. இந்த மூலையிலதான் நான் கோச்சுக்கிட்டு உக்காருவேன். அவன் அந்த மூலையில் குனிந்து உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று பார்த்தான். மெஷினின் மிதியும், சமையலறை வாசலும், அதில் நின்ற தையற்காரம்மாவின் பாதங்களும் தெரிந்தன.

"அவ்வளவுதானா?" என்றான்.

"மொட்டை மாடி பாக்கலியே நீ," என்று கொசு அவனைக் கிளப்பினாள்.