நடுவர் நடக்கும் வழி

...போடவில்லை, அந்த மடையன் ஃபெர்கல் தாழ்ப்பாளைப் போடவே இல்லை, நிலவறைக் காட்சி முடிந்து கடைசியாக மேலே ஏறிவந்தவன் அவன்தான், கதவைக் குதிகாலால் ஓர் எத்து எத்திவிட்டுக் கைதட்டல் வாங்க ஓடினான், தாழ் எங்கேடா என்று கேட்டதற்கு, "அட, மூடித்தானே கெடக்கு நோரீன், எதுக்கு இப்படி உசுரு போற மாதிரி கத்துற?" என்கிறான்... மூடித்தான் கிடக்கிறது, பார்வைக்கு. மேடைத் தரையோடு தரையாகப் பதித்த பலகைக்கதவு, தாழ் போடாவிட்டால் மெல்லிய விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஆள் கால் வைத்தால் அப்படியே சாய்ந்து உள்ளே விட்டுவிடும், கீழே கல் தரை, அதன்மேல் மடக்கு நாற்காலிக் குவியல். நடித்தவர்கள் எல்லோரும் பக்கவாசல் வழியாகப் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள், தீர்ப்பைக் கேட்க. திரைக்கு இந்தப் பக்கம் நானும் என் டார்ச்சும்தான். இனி இந்த மேடையைக் கடக்கப்போகிறவர் ஒரே ஒருவர், நடுவர் டெஸ்மண்ட் ஹோர்கன். குனிந்து தள்ளினால் தாழ் விழுந்துவிடும், குனியேன் நோரீன், ஏன் நிற்கிறாய்?

ஏன் குனிய வேண்டும்? மூன்று வருஷத்துக்கு முன், தவக்காலத்து விழாவில், இதே மேடையில் நான் விதவையாக நடித்தேன், குளிர்காலம் முழுக்க ஒத்திகை, பாலைப் பொங்கவிட்டுவிட்டு அடுப்பங்கரையில் வசனம் சொல்லிப் பார்த்தேன். நாடக விழா என்றால் எங்கள் ஊரில் நாடகத்துக்கு வராதவன்கூட அதற்குப் பிறகு நடுவர் பேசுவதைக் கேட்க வருவான், யாரைக் கிழிக்கிறார் பார்க்கலாம் என்று. அன்றைக்கும் நடுவர் இந்த ஹோர்கன்தான், திரைக்கு முன்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தான், சிரித்தான், "அந்த விதவை அழ ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு கவலை வந்துடுச்சு... வீட்டுல குழாய மூடிட்டு வந்தேனா, இல்லையா?" என்றான். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. பாதிரியார் சிரித்தார், தபால்காரி சிரித்தாள், என் வீட்டுக்காரர் பாஸ்கலுக்கும் தோள் குலுங்கியது, கேட்டால் இருமலாம். இன்றைக்கும் இறைச்சிக்கடையில் கையில் மாட்டுவாலை ஆட்டிக்கொண்டு கேட்கிறான் அந்தக் கடைக்காரன், "என்ன நோரீன், குழாய மூடியாச்சா?" அதற்குப் பிறகு நான் வேடம் கட்டவில்லை, இயக்குநர் அட்ராக்டாவும் வற்புறுத்தவில்லை, "பின்னாடி வேலைக்கு உன்னைவிட்டா யாரு இருக்கா?" என்று சாவிக்கொத்தைக் கொடுத்தாள், இருட்டுக்குத்தான் நான் லாயக்கு என்று முடிவு கட்டிவிட்டாள் போல. விழட்டுமே! ஒரு கால், ஒரு இடுப்பு, ஒடியட்டும், படுத்துக்கொண்டு தன் வீட்டுக் குழாயை நினைக்கட்டும், பாவி. யார் என்னைக் கேட்பார்கள், தாழ் போடாதவன் ஃபெர்கல்... ஆனால் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவள் நான், அது ஊருக்கே தெரியும், ஆக என்னைத்தான் கேட்பார்கள், கேட்கட்டும்.

வந்துவிட்டான். எங்கள் அரங்கில் முன்பக்கம் படி கிடையாது, நடுவர் பின்கதவால் நுழைந்து மேடையைக் கடந்து திரையின் நடுப்பிளவு வழியாகத்தான் வெளியே போக வேண்டும், கூட்டிப்போவது என் வேலை. மிட்டாய் வாசனை, பழைய கோட்டு, கையில் குறிப்புத்தாள், ஆள் இளைத்துப் போயிருக்கிறான். "நீங்கதான் இங்க பொறுப்பாம்மா?" என்கிறான். ஆமாம் மிஸ்டர் ஹோர்கன், என்கிறேன், டார்ச்சை என் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு, பார், நன்றாகப் பார்... ஒன்றும் இல்லை. ஞாபகமே இல்லை! நான் தினம் தினம் மென்று விழுங்கியதை அவன் அன்றைக்கே துப்பிவிட்டுப் போயிருக்கிறான். "இருட்டுல எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதும்மா, நீங்க கால் வைக்கிற எடத்துலயே நானும் வச்சு வந்துடுறேன்" என்று என் முழங்கையைப் பிடிக்கிறான், பிடித்தால் எனக்கென்ன. நேராக நட நோரீன், கதவுக்கு ஓரமாக நீ ஒதுங்கிக்கொள், அவன் நேரே வரட்டும்... என் கால் என்னைக் கேட்கவே இல்லை. நாற்காலியையும் மேசையையும் தூக்கிக்கொண்டு எத்தனை முறை சுற்றிப்போன வழி, தானாக வளைந்தது, அவனும் பின்னாலேயே வளைந்து வந்தான், நல்ல பிள்ளை மாதிரி. "ரொம்ப நன்றிம்மா" என்று திரையை விலக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குள் போய்விட்டான். கைதட்டல். சே! இது இரக்கமா, வெறும் பழக்கமா? இரக்கம் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

பேசி முடித்துவிட்டு இதே வழியாகத்தான் திரும்ப வேண்டும், எதிரே வெளிச்சத்தைப் பார்த்துப் பேசிய கண்ணோடு, இன்னும் குருடாக, இந்த முறை என்னைத் தேடாமலே நாலடி வைப்பான். கதவருகே மண்டி போட்டேன், விரல் தாழ்ப்பாளின்மேல் இருக்கிறது, இரும்பு சில்லென்று இருக்கிறது. வெளியே ஃபெர்கலைப் புகழ்கிறான், புகழாமல் என்ன, ஊரெல்லாம் புகழட்டும். அட்ராக்டாவின் இரண்டாம் அங்கம் "கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியாட்டம் நீண்டுபோச்சு" என்கிறான், சிரிப்பு, எனக்கும் உதடு கோணுகிறது, வாங்கிக்கொள் அட்ராக்டா, உனக்கும் ஒரு வாய். தள்ளுகிறாயா, எழுந்து போகிறாயா, நோரீன்? "கடைசியா, நம்ம யாரு கண்ணுக்கும் படாத ஒரு வேலையப் பத்தியும் சொல்லணும்," என்கிறான் அவன், "காட்சி மாத்தினவங்க, திரைக்குப் பின்னாடி நின்னவங்க..." நிறுத்துகிறான். தண்ணீர் குடிக்கிறான், கொட்டுவதற்கு முன்பும் இப்படித்தான் குடிப்பான், தட்டிக்கொடுப்பதற்கு முன்பும் இப்படித்தான். என் காது தானாகத் திரைப் பக்கம் நீள்கிறது, எதற்கு நீள்கிறது? கையைப் பார்த்தேன், அது தாழ்ப்பாளின்மேல் இல்லை, இந்தக் கும்மிருட்டில், யாரும் பார்க்காத இடத்தில், என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. சீ... அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் தாழ் போடலாம் என்றா இவ்வளவு நேரம் இங்கே மண்டி போட்டிருக்கிறேன்?