ரௌஷனெல்லா என் கையில் இருக்கிறது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால், இங்கேதான், முற்றத்தின் நடுவில், என் மூடிய வலது கைக்குள். அதனால் இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கைக்குள் இருப்பது பாக்கு அளவு கல். எங்கள் புல்வெளி கடலாக இருந்த காலத்தில் இரண்டு ஓட்டுக்குள் வாழ்ந்து, கல்லாகிப்போன பிராணி அது. பார்த்தால் சிப்பி. சிப்பி என்று சொன்னால், அது வேறு குலம் என்று அத்தான் தெமிர்கான் சண்டைக்கு வருவார்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகை. அங்கே அத்தான் சாணைச் சக்கரத்தை ஓடவிட்டுக் காத்திருக்கிறார். இந்தப் பக்கம் வீடு. அங்கே அக்கா குன்சுலு, தொட்டிலில் இருமும் மகனோடு. இரண்டு பேருக்கும் இந்தக் கல் வேண்டும்.

2

கடல் ஒன்று இருந்தது, அதில்

(வேண்டாம். கடலில் தொடங்கினால் அத்தான் கட்சி ஆகிவிடுவேன்.)

தொட்டிலின் குறுக்குக் கட்டையில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்று

(இது அக்கா கட்சி. முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன், என்ன எழுத்தாளி நான்!)

நடந்ததையே சொல்கிறேன்.

3

அக்காவின் முதல் குழந்தை ரௌஷான். பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள். அந்த ஆண்டுதான் அத்தான் மலையில் யாரும் பெயரிடாத ஓடுகளைக் கண்டார். அந்தப் பேரினத்துக்கு மகளின் பெயரை வைத்தார்: ரௌஷனெல்லா. கிடைத்ததெல்லாம் கீல் உடைந்த ஒற்றை ஓடுகள். இரண்டு ஓடும் மூடியபடி முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான்.

அடுத்துப் பிறந்தவனுக்குத் துர்சின் என்று பெயரிட்டார்கள், இருக்கட்டும் என்று பொருள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் அப்படித்தான் பெயர் வைப்போம். இந்தக் கல்லை அத்தானே கொண்டுவந்து கொடுக்க, அக்கா துணியில் தைத்துக் கண்ணேறு படாமல் தொட்டிலில் கட்டினாள்.

இப்போது வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், ரௌஷனெல்லா தனிப் பேரினமே அல்ல, முன்பே பெயரிட்ட இன்னொன்றுதான் என்று எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுக்காவிட்டால் பெயர் நீங்கிவிடும். வித்தியாசம் உள்ளே, இரண்டு ஓடும் சேரும் கீல் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரே வழி, முடியளவு முடியளவாகத் தேய்த்து, தேய்த்த முகத்தை ஒவ்வொரு முறையும் மெல்லிய தாளில் பிரதியெடுப்பது. முழுதும் பார்த்து முடிக்கையில் கல் இருக்காது.

(எக்ஸ்ரே எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தார். ஓடும் சுண்ணாம்பு, உள்ளே அடைத்திருப்பதும் சுண்ணாம்பு. படத்தில் வெறும் சாம்பல் நிறம். மலையில் இன்னொன்று தேடலாமே என்பீர்கள். மலை சிமெண்ட் ஆகிவிட்டது.)

4

இன்று காலை, தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அவ பேரு போனா போகட்டுமா குன்சுலு? அவளுக்குன்னு உலகத்துல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அதுக்காக இருக்கிறவனோட காவலை அரைக்கணுமா?"

"வெறும் கல்லுதானே கேக்குறேன்."

"கட்டச் சொல்லிக் குடுத்தப்ப வெறும் கல்லா குடுத்தீங்க?"

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன அத்தான், ஊர் மலையெல்லாம் சுரண்டி முடிச்சு இப்ப தொட்டிலுக்கு வந்துட்டீங்களா?"

மற்ற நாளாக இருந்தால், "இந்த வாய்க்குத்தான் உனக்கு மாப்பிள்ளையே அமையல மரால்" என்று திருப்பிக் கொடுத்திருப்பார். இன்று என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அக்கா கேட்டாள், "அரைச்சா உள்ள நிச்சயமா தெரியுமா?"

"ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். அப்போ பேரும் இல்ல, கல்லும் இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாமல் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். சக்கரச் சத்தம் கேட்டதும் அக்கா தொட்டில் முடிச்சின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கல்லை என் கையில் வைத்து மூடினாள்.

"எனக்குக் குடுக்கவும் முடியல, குடுக்காம இருக்கவும் முடியலடி. ரெண்டு பிள்ளைக்கும் நாந்தானே அம்மா. நீதான் கதையெல்லாம் முடிக்கிறவளாச்சே, இதையும் முடிச்சு வை."

5

அத்தானைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், அது நிற்கவில்லை. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ முடிச்சை அவிழ்த்து வேறு கல்லை வைத்துத் தைத்திருப்பார். அக்காவை ஒன்றும் தெரியாதவளாக எழுதிப் பார்த்தேன், அதுவும் பொய். எனக்குக் கண்ணேற்றில் நம்பிக்கை இல்லை. பிறகு ஏன் நேரே கொட்டகைக்கு நடக்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

முதல் முடிவு: அத்தானிடம் கொடுக்கிறேன். சக்கரம் கல்லைத் தொடுகிறது. கீலுக்குள்ளே

(எனக்கு எப்படித் தெரியும்?)

வேறொரு முடிவு: திரும்பக் கட்டிவிடுகிறேன். துர்சின் வளர்ந்து பெரியவனாகி

(அடித்துவிட்டேன். 'வளர்ந்து' என்று எழுதியதும் பயம் வந்துவிட்டது, என் கண்ணே பட்டுவிடுமோ என்று. நம்பாதவளின் லட்சணத்தைப் பாருங்கள்.)

6

இதை எழுதும்போதே உள்ளே துர்சின் மூச்சுவிடாமல் இருமுகிறான். சக்கரம் நின்றுவிட்டது. அத்தான் கொட்டகை வாசலில் நிற்கிறார். கையெல்லாம் சக்கரத்தில் ஒட்டியிருந்த ஈரச் சுண்ணாம்பு.

"மரால், கொண்டு வராதே! இருமுறானே, கேக்கல? போய்க் கட்டு!"

அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து அக்கா.

"மரால், இன்னும் என்னடி பண்ற? கொண்டுபோய்க் குடு! அவரு காத்துக்கிட்டு இருக்காரு!"

ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவில்லை. எனக்கு மட்டும்தான் இரண்டும் கேட்டது. காலையில் இருவரும் கேட்டார்கள், இப்போது இருவரும் கொடுக்கிறார்கள். யார் சொல்லைத் தட்டினாலும் ஒரு பிள்ளைக்குத் துரோகம், யார் சொல்லைக் கேட்டாலும் இன்னொரு பிள்ளைக்கு.

எனக்குப் பயமாக இருக்கிறது. விரல்கள் மரத்துவிட்டன. இதுவரை வாசித்த உங்களுக்கும் இரண்டு குரலும் கேட்டிருக்கும். கையை நீட்டுங்கள். கல்லில் தொட்டிலின் சூடு இன்னும் இருக்கிறது.