கரி குறையாத பாய்லர்

பின் அறையில் நின்று வீட்டைச் சூடாக்கிய பழைய பாய்லரை மாமியார் "அவரு" என்றுதான் சொல்வாள். அதைச் செய்து வைத்த புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் "இந்தாளு". அவர் கையால் பற்றவைத்த இரும்புத் தொட்டிக்குத்தான் முழு மரியாதை. "அவருக்கு இன்னைக்கு மூச்சு சரியில்ல", "அவரு கரி சாப்பிட்டாரா" என்று அவள் உள்ளே குரல் கொடுப்பதைக் கேட்டு, யாரோ நோயாளி கிடக்கிறார் என்று பழம் வாங்கி வந்தவர்கள் உண்டு. பழத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் உண்மையைச் சொல்வாள்.

அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு வேலை, அதே வீட்டின் பின்சுவருக்கு மறுபக்கம். பூமிக்குள் துளை போடும் சைட். கூட்டாளிகள் அவனை வால்வு என்று கூப்பிடுவார்கள். அங்கே எந்தத் திருகைத் திறக்கவும் மூடவும் அவன்தான் ஓட வேண்டும். தொழில்தான் புதிது, சங்கதி லேசானது. பாறைக்குள் வெகு ஆழத்துக்கு இரண்டு துளை இறக்கி, அடியில் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர் இறங்கும். அடிப்பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு இன்னொன்றில் கொதித்து ஏறும். அந்தச் சூடு முதலில் மின்சாரத்துக்குச் சக்கரத்தைச் சுழற்றும், மிச்சமிருப்பது குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும். புகை கிடையாது, கரி கிடையாது. இறங்கிய தண்ணீரே திரும்பத் திரும்ப ஏறும்.

தெருவில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் குழாய் வெளியேற இருந்த ஒரே வழி மாமியாரின் கொல்லை. "என் கொல்லையில மண்வெட்டி பட்டா மாப்பிள்ளைன்னும் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

இதில் வால்வுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. மேஸ்திரி அவனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தெரு ஒத்துக்கிட்டா, குழாயைப் பார்த்துக்க ஒரு ஆளை இங்கேயே விட்டுட்டுப் போவோம். அது நீதான். ஒத்துக்கலைன்னா லாரியில ஏறு. அடுத்த சைட் எங்க இருக்குன்னு நானே மேப்புலதான் தேடணும்."

வீட்டில் மனைவிக்கு மாசம் நிறைந்துகொண்டிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தை முதல்முதலாகப் போனில் பார்க்க அவனுக்கு மனசில்லை. மாமியாரிடம் நயமாகப் பேசிப் பார்த்தான்.

"அத்தை, பூமிக்குள்ள சூடு சும்மா கிடக்கு. எடுத்துக்க வேண்டியதுதான்."

"சும்மான்னு சொல்றதை நான் நம்பறதில்ல மாப்பிள்ளை. சும்மா பொண்ணைப் பார்த்துட்டுப் போறேன்னுதான் நீங்களும் வந்தீங்க. இன்னும் போகலையே."

பேச்சு எடுபடவில்லை என்றதும் அவன் மூளை குறுக்கே ஓடியது. சைட்டில் அப்போது சோதனை ஓட்டம். மேலே வந்த சூட்டுக்கு வேலை இல்லாததால், குழாயை ஒரு குட்டைக்குள் வளைத்து வளைத்து விட்டு ஆற்றிக்கொண்டிருந்தார்கள். குட்டையில் ஆறுகிற சூடு வீட்டில் ஆறினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்துச் சுவருக்கடியில் ஒரு கிளைக்குழாய் இழுத்தான். வீட்டுக் குழாய்களில் சுற்றி ஆறிய தண்ணீர் பாய்லருக்குத் திரும்பி வரும் இடத்தில், தகடு தகடாக அடுக்கிய ஒரு சின்னப் பெட்டியை மாட்டினான். பெட்டிக்குள் ஒரு பக்கம் சைட் தண்ணீர், ஒரு பக்கம் வீட்டுத் தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். எல்லாம் முடிந்ததும் பெட்டியின்மேல் கரியை அள்ளிக் குவித்து மூடினான்.

அவன் போட்ட கணக்கு இதுதான். மாமியார் தினம் தினம் கரி அள்ளுவாள். குவியல் கரையும். ஒருநாள் பெட்டி பல்லைக் காட்டும். "இத்தனை நாள் கதகதப்பா இருந்தது எதனாலன்னு நினைச்சீங்க அத்தை?" என்று கேட்டுவிட்டு நிற்கலாம். என்ன சிரிப்பு சிரிப்பது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தான்.

பாய்லரின் வாயில் சங்கிலியில் தொங்கும் ஒரு காற்றுக்கதவு உண்டு. தண்ணீர் ஆறினால் அது திறந்து நெருப்புக்குக் காற்று விடும், சூடேறினால் தானே மூடிக்கொள்ளும். வருகிற தண்ணீரே சூடாக வந்தால் கதவு எதற்குத் திறக்கும்? நெருப்பு படுத்துவிட்டது. காலையில் ஒரு கை கரி போட்டால் மறுநாள்வரை தணலாகவே கிடந்தது. கரி குறைந்தால்தான் பெட்டி வெளியே தெரியும். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறவரை கரி குறையாது. இப்படியொரு கிறுக்குத்தனத்தைச் செய்யக்கூட வால்வு திருகத் தெரிந்த ஒருவனால்தான் முடியும்.

மாமியார் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். ஆட்கள் வரிசை கட்டி வந்து பின் அறையை எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவர் குவியலையும் பாய்லரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டுது மூட்டை மூட்டையா முழுங்குது. இவரு என்ன, விரதமா?"

"வச்சுக்கிற விதத்துல வச்சுக்கணும்," என்றாள் மாமியார். "தினம் தொடைக்கணும். ரெண்டு வார்த்தை அன்பா பேசணும்."

டிரைவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கினார். யாரிடம் இத்தனை குழைவு என்று அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்தது தனிக் கதை.

தையல்காரம்மா ஒருபடி மேலே போனாள். "பழசே இந்தப் போடு போடுதுன்னா நாம எதுக்குத் தெருவைத் தோண்டணும்? ஞாயித்துக்கிழமை யாரும் கையைத் தூக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள்.

மேஸ்திரி வால்வைத் தேடி வந்தார். "என்னடா நடக்குது? போன வாரம் ஒரே ஒரு வீடுதான் வேண்டாம்னுச்சு. இப்ப ஒரு வீடுகூட வேணும்ங்கல. லாரிக்குச் சொல்லிவிடவா?"

வால்வு அதற்குமேல் காத்திருக்கவில்லை. பாய்லரின் பவிசைத் தெரு பார்க்கட்டும் என்று சனிக்கிழமை காலை கிளைக்குழாயை மூடினான். காற்றுக்கதவு திறந்தது, ஆனால் ஒரு வாரம் தூங்கிய நெருப்பு எழுந்திருக்க மறுத்தது. மத்தியானத்துக்குள் வீடு ஜில்லிட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மனைவி சைட்டுக்கே வந்துவிட்டாள்.

"என்ன பண்ணீங்க?"

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க எதையாவது பண்ணா காது சிவக்கும். இப்ப ரெண்டும் சிவந்திருக்கு."

"அது குளிருக்கு."

"குளிர் எனக்கும் என் வயித்துல இருக்கிறதுக்கும். எதை மூடினீங்களோ அதைத் திறங்க. அப்புறம் எங்கம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னேன்னா ரெண்டு சேர்த்துச் சொல்லுவேன்."

திறந்தான். பூனைபோல வீட்டுக்குள் போனான். பின் அறையில் மாமியார் பாய்லரைத் தடவிக்கொண்டு நின்றாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? காலையிலேருந்து முகமே சரியில்ல" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

"அத்தை, ஒரு வாரமா வீட்டைச் சூடு பண்ணது அவரு இல்ல."

"பின்ன?"

"நான்."

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "காய்ச்சலா மாப்பிள்ளை?"

அவன் கரண்டியை எடுத்துக் கரியை ஒதுக்கினான். பெட்டி தெரிந்தது. சுவருக்கடியில் ஓடிய குழாயும் தெரிந்தது. மாமியார் குனிந்து உள்ளங்கையை வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னையிலேருந்து."

"அப்ப எதிர்வீட்டு டிரைவர் ஒரு வாரமா அவரோட பாய்லர்கிட்ட கொஞ்சிட்டிருக்காரே?"

"வீண்தான் அத்தை."

மாமியார் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று வால்வு தவித்தான். ஆனால் திரும்பியபோது அவள் முந்தானையை வாயில் அடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் முகம் பழையபடி இறுகியது.

"தெருவுக்கு முன்னாடி நான் தலைகுனிய மாட்டேன். நாளைக்குக் கூட்டத்துல நான் எதைக் கேட்டாலும் 'ஆமா அத்தை'ன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா அத்தை."

"நாளைக்குன்னேன்."

தெருக்கோடி நூலகத்தில் கூட்டம். சைட்டின் இன்ஜினியரம்மா படம் போட்டு விளக்கிவிட்டு, சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றாள். எல்லாக் கையும் மடியிலேயே கிடந்தது. மேஸ்திரி வால்வைப் பார்த்து லாரியில் ஏறுவதுபோல் சைகை காட்டினார். அப்போது மாமியார் எழுந்தாள்.

"எங்க வீட்டுல அவருக்கு ஓய்வு கொடுக்கப்போறேன்."

கூட்டம் சலசலத்தது. "கரியே தின்னாத பாய்லரை யாராவது நிறுத்துவாங்களா?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கிறவங்க சாப்பிடுவாங்க. ஒரு வாரமா ஒரு வாய் எடுக்கல, நான் அதைப் போய்ப் பெருமையா பேசிட்டிருந்தேன். நேத்து பட்டுனு அடங்கிட்டாரு. மாப்பிள்ளை, நேத்து வீடு ஜில்லுனு ஆச்சா இல்லையா?"

"ஆமா அத்தை."

டிரைவர் விடவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமே."

"நீங்க பஸ்ஸை அப்படித்தான் ஓட்டுனீங்க. மரத்துல மோதினப்புறம்தானே இறங்கினீங்க. நான் முன்கூட்டியே இறங்கிக்கிறேன்." சிரிப்பு அடங்குமுன் மாமியார் கையைத் தூக்கினாள். "கொல்லையைத் தோண்டிக்கோங்க. செடி மேல கால் பட்டா மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

டிரைவர் கை ஏறியது. அதன் பிறகு கைகள் தானாக ஏறின. தையல்காரம்மாவின் கை கடைசியாக, அதுவும் அரையளவு ஏறியது.

கூட்டம் கலைந்ததும் இன்ஜினியரம்மா வால்வை ஓரம் கட்டினாள். "குட்டைக்கு வர்ற சூடு ஒரு வாரமா குறைஞ்சிருக்கே, கவனிச்சியா?"

"ஆமா அத்தை," என்றான் வால்வு, வாய் பழகிவிட்ட தோஷத்தில். இன்ஜினியரம்மா கண்ணாடியைக் கழற்றி அவனை நன்றாகப் பார்த்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவனைக்கொண்டே அந்தக் கிளைக்குழாயைப் பிடுங்கவைத்து, முறையான குழாய் வரும்வரை குட்டையைத் துப்புரவு செய்ய விட்டாள்.

தெருவுக்குக் குழாய் வந்தது. துளைக்கருவியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்ட காலையில் மேஸ்திரி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வால்வு கீழே நின்றான். கொல்லைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, தையல்காரம்மா வீட்டுல சூடு பத்தலையாம். மாப்பிள்ளை, டிரைவர் வீட்டுல ஜாஸ்தியாம், குறைக்கணுமாம். இதோ வந்துட்டே இருக்காருன்னு நான் சொல்லிட்டேன், மாப்பிள்ளை."

மேஸ்திரி பக்கத்து சீட்டைத் தட்டினார். "காலியாத்தான் இருக்கு. ஏறிக்கிறியா?"

வால்வின் கை ஒரு நொடி கதவுப் பிடிக்குப் போனது. ஜன்னலில் மனைவி நின்று, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போ, போ, தையல்காரம்மா வீட்டுக்குப் போ என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கிளம்புங்க மேஸ்திரி," என்றான் அவன், ஸ்பேனரை எடுத்துத் தோளில் போட்டபடி. "எனக்கு இங்க ஏகப்பட்ட வேலை."