வராந்தா நாற்காலியில் ஆர்வில்

…இலையைப் பார்க்கத்தான் வந்தேன், இலையை மட்டும், ஆர்வில் வீட்டு வராந்தாவை இல்லை. எவ்வளவு அழகு இந்த மேப்பிள் மரம், போன வாரம் பாதி பச்சை, இன்று உச்சியிலிருந்து அடிவரை செக்கச்செவேல், முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியபோது இதையெல்லாம் எங்கே பார்த்தேன், கண்ணாடியில் பிள்ளைகளின் தலையை எண்ணத்தான் நேரம் இருந்தது, ஓய்வு பெற்ற பிறகாவது நன்றாகப் பார், டெல்லா, நிதானமாகப் பார். மூலை வீட்டு வாசலில் ஹாலோவீன் அலங்காரமாகப் பன்னிரண்டு அடி எலும்புக்கூடு, கழுத்தில் கம்பளி மப்ளர் வேறு, அதற்குக் குளிருமாம். பக்கத்து வீட்டுப் புல்தரையில் அட்டைக் கல்லறைகள், படிக்கட்டில் பூசணிக்காய்கள், ஒன்றின் மூக்கை அணில் கொறித்துத் தின்றுவிட்டது, சிரிப்பு வருகிறது, வரட்டும், சிரித்துக்கொண்டே திருப்பத்தைத் தாண்டிவிடலாம், தாண்டினால் மூன்றாவது வீடு ஆர்விலுடையது… செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உருவம் அசையவே இல்லை. இன்று வெள்ளி.

அசையாமல் இருப்பதுதானே அவருடைய விளையாட்டு? வருஷா வருஷம் தெருவே பார்ப்பதுதான், சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு, முகத்தில் சாக்குத்துணி, கையில் தோட்டக் கையுறை, மடியில் மிட்டாய்க் கிண்ணம், பொம்மை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார், பிள்ளைகள் மிட்டாய்க்குக் கை நீட்டியதும் துள்ளி எழுந்து கத்துவார். சில வருஷம் உண்மையாகவே பொம்மையை உட்கார வைத்துவிட்டு, தான் செடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். ஆளா பொம்மையா என்று தெரியாததுதான் வேடிக்கை. ஆனால் அது பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் மாலையில் நடப்பது, ஹாலோவீன் நாளைக்குத்தானே, நாலு நாள் முன்னால் எதற்கு உட்கார வேண்டும்? செவ்வாயன்று நான் கையை ஆட்டினேன், ‘என்ன ஆர்வில், இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பிச்சிட்டீங்க!’ என்று சத்தமாகச் சொன்னேன், பதில் இல்லை, மடியில் விழுந்த இலையைக்கூடத் தட்டிவிடவில்லை. அப்போதே சந்தேகம் தட்டியது. எழுபத்தொன்பது வயது, மார்ச்சில் மனைவி ஐரீன் போனதிலிருந்து தனி ஆள். ஆறே படி, ஏறிப் பார்த்திருக்கலாமே? ஏறவில்லை. புதன்கிழமை சாரல், உருவத்தின் முழங்கால் வரை நனைந்திருந்தது, நான் எதிர்ப்பக்க நடைபாதையில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். வியாழக்கிழமை இந்தத் தெருவுக்கே வரவில்லை. ஏரிப்பக்கம் இலை இன்னும் அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அங்கே இருப்பதெல்லாம் நிறமே மாறாத பைன் மரம்.

போன வருஷம் மட்டும் அப்படி நடக்காமல் இருந்திருந்தால்… மூலை வீட்டுக்காரன் கர்ட்டின் கார் கொட்டகைக் கதவுக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது, பூட்ஸோடு, ஜீன்ஸோடு, யாருக்குத்தான் பதறாது, அவசர எண்ணுக்குக் கூப்பிட்டேன், தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்தது, இழுத்துப் பார்த்தால் செய்தித்தாள் அடைத்த கால். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கோ பட்டப்பகலிலும் பிணம். அவமானம் பொறுக்காமல் ஒரு மாதம் கடைக்குக்கூட வேறு வழியாகப் போனேன். இதோ கர்ட், இலையைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருக்கிறான், பார்த்துவிட்டான், பல்லெல்லாம் தெரிகிறது.

“என்ன டெல்லா, எங்க எலும்புக்கூடு காலையிலேர்ந்து மூச்சே விடலை, வந்து கொஞ்சம் நாடி பாருங்களேன்!”

“போதும் கர்ட், ஒரு வருஷமா இதே ஜோக்கு. இந்த வாரம் ஆர்வில பாத்தீங்களா?”

“அதோ உக்காந்திருக்காரே. தினமும் கைய ஆட்டிட்டுத்தான் வேலைக்குப் போறேன்.”

“அவர் திருப்பி ஆட்டினாரா?”

“ஐயோ, மறுபடியுமா!” என்று சிரித்தான், ஆனால் துடைப்பம் ஒரு கணம் நின்றது, அவனும் அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு கூட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கால் தானாக நடந்தது. வீட்டு முன்னால் பிளாஸ்டிக் உறையோடு நாலு நாள் செய்தித்தாள், ஒன்றைக்கூட எடுக்கவில்லை, கடவுளே, அந்தக் காலணி அவருடையதுதான், இடது குதிகால் தேய்ந்தது, நான் கையாட்டிய அன்று உயிர் இருந்திருக்குமோ, உதவி கேட்க முடியாமல் அந்தச் சாக்குத்துணிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாரோ, நான் இலை அழகு என்று போய்விட்டேனே… ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு படியும் ஏறிவிட்டேன். கையுறையைப் பிடித்தேன். நொறுங்கியது. வைக்கோல். வைக்கோல்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. வெறும் காலுறையோடு, காப்பிக் கோப்பையோடு, ஆர்வில்.

“நாலு நாள்,” என்றார். “ஒருத்தர் படியேற நாலு நாள் ஆயிருக்கு. பேப்பர்ல குறுக்கெழுத்து போடாம கை அரிச்சிடுச்சு போங்க.”

“உங்களுக்கு மூளை இருக்கா? என் உயிரே போயிடுச்சு!”

“திட்டுங்க, திட்டுங்க. அரிசோனால இருக்காளே என் மக, வீட்ட வித்துட்டு முதியோர் இல்லத்துக்கு வாங்கங்கறா. இந்தத் தெருவ உனக்குத் தெரியாது, நான் ஒரு நாள் அசையலன்னா ஓடி வந்துடுவாங்கன்னு வீராப்பாச் சொன்னேன். பாத்துடுவோம்னு அவ சொன்னா, பொம்மைய உக்கார வச்சேன். பாத்தாச்சு.” சொல்லிவிட்டு பொம்மையின் மடியிலிருந்த இலையைத் தட்டிவிட்டார், பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார், “உங்களுக்கு எப்போ சந்தேகம் வந்துச்சு, டெல்லா?”

“இன்னைக்குத்தான்,” என்றேன், யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. “இன்னைக்குத் தோணுச்சு, உடனே வந்துட்டேன்.”

“அப்போ நாலு நாளா யாருக்கும் தோணவே இல்ல. அவ சொன்னதுதான் சரி,” என்றார், கோபமே இல்லாமல், பையிலிருந்து கைபேசியை எடுத்துக் கண்ணைச் சுருக்கி மகளின் எண்ணைத் தேடினார். முதல் நாளே தோன்றியது என்று சொன்னால்? தோன்றியும் வராமல் இருந்தேனா என்று கேட்பாரே, நாலு சிரிப்புக்குப் பயந்து உங்களைச் செத்தவராகவே விட்டுவிட்டுப் போனேன் என்று எந்த முகத்தோடு சொல்வது… ஆனால் ஒருத்திக்காவது தோன்றியது என்பது அவருக்குப் போதுமோ என்னவோ, அதற்காகவே இருந்துவிடுவாரோ, இல்லை அதைக் கேட்டபின் இன்னும் சீக்கிரமாகக் கிளம்பிவிடுவாரோ, எது என்று எனக்குத் தெரியவில்லை, அந்தப் பொய்யால் நான் காப்பாற்றியது அவரையா என் மானத்தையா. “ஆர்வில்,” என்றேன். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார், அரிசோனாவில் மணி அடித்துக்கொண்டிருந்தது.