அண்ணி காரில் ஒரு ஒத்திகை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணிக்கு அன்று காலை வந்த கோபத்தில் ஒரு அண்டா வெந்நீர் போட்டிருக்கலாம். வராதா பின்னே? பயிற்சிக் காருக்கு அன்று வருடாந்திரச் சோதனை. நாலு மணிக்குள் முத்திரை விழாவிட்டால் பயிற்சிப் பள்ளிக்குப் பூட்டு. அந்த நாளாகப் பார்த்து கார், பத்து யானை பின்சீட்டில் ஏறிய மாதிரி பின்பக்கம் சரிந்து நிற்கிறது.

“ராத்திரியே இறக்கிட்டேன் அண்ணி. பின் ஸ்பிரிங் ரெண்டையும் ரெண்டு சுத்து வெட்டினேன், அவ்வளவுதான். என்ன ஸ்டைலு பாருங்க” என்றான் கொழுந்தன்.

“யாரைக் கேட்டுடா வெட்டின?”

“சர்ப்ரைஸ் அண்ணி.”

“ஏறுடா பின்னால.”

வழியெல்லாம் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாற்றம். ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்ஸர் இழுபட்ட சத்தத்தில் ஏழு தெரு நாய்களும் எழுந்து நின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொழுந்தன் தலை கூரையில் முட்டியது. அண்ணியும் ஒரு பள்ளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

சோதனை அதிகாரி முன்விளக்கைப் போட்டுப் பார்த்தார். “இது ரோட்டுக்கா, நிலாவுக்காம்மா?” பிறகு காரைத் தூக்கினார். சக்கரம் தொங்கியதும் குட்டையான ஸ்பிரிங் கழன்று விழுந்து, அவர் செருப்பருகே உருண்டது. அவர் சிரிப்பும் அதோடு போயிற்று.

“ஓடறப்ப இது கழண்டா வண்டி யார் பேச்சையும் கேக்காது. இதுலயா புதுசா கத்துக்கறவங்களை உட்கார வைக்கறீங்க?”

பத்தொன்பது வருடத்தில் அண்ணியை யாரும் கேட்காத கேள்வி. அவமானத்தில் காதுமடல் சுட்டது.

“வேற ஸ்பிரிங் போட்டு நாலுக்குள்ள வாங்க” என்றார் அதிகாரி.

எதிரே இருந்த பட்டறை மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். “வெட்டினதை ஒட்ட முடியாதும்மா. புதுசு வர மூணு நாள் ஆகும். இப்படியே ஓட்டினா ஷாக் அப்சார்பர், டயர் எல்லாம் வரிசையா காலி.”

அண்ணி கொழுந்தனை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். “உன் காரும் இதே மாடல்தானே. அதுல ஏன் வெட்டல?”

“அது... முதல்ல உங்களோடதுல வெட்டிப் பாத்துட்டு, நல்லா வந்தா...”

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பான்.

“போய் உன் காரை எடுத்துட்டு வா.”

“எதுக்கு அண்ணி?”

“வாடான்னா வா.”

மூன்றே முக்காலுக்கு முத்திரை விழுந்தது. நிமிர்ந்து நின்ற காரை அண்ணி பட்டறை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தினாள். உள்ளே, பின் ஸ்பிரிங் இரண்டும் இல்லாமல், கொழுந்தனின் கார் தரையோடு தரையாகக் குந்தியிருந்தது. பக்கத்தில் அவனும் குந்தியிருந்தான்.

“என்ன ஸ்டைலு, தம்பி” என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினாள் அண்ணி.